சுகன் பாயின் கொண்டைக்கடலை

எங்கள் மண்டியில் கொண்டைக்கடலை வாங்க வருகிற சேட்டுகளுக்கு இரண்டு சொற்கள் போதும். கை நிறைய அள்ளுவார்கள், உள்ளங்கையில் பரப்பி வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். பருத்து வெளுத்து ஒரே அளவாக இருந்தால் ‘டாலர்’. பச்சையோ, பழுப்புத் திட்டோ, சுருங்கிய தோலோ தெரிந்தால் ‘தாகி’. கறைபட்டது என்று அர்த்தம். விதைத்ததும் களையெடுத்ததும் காவல் இருந்ததும் எல்லாம் அந்த ஒரு சொல்லோடு சரி. கையைத் தட்டிவிட்டு அடுத்த டிராலிக்குப் போய்விடுவார்கள்.

அதே சொல்லைத்தான் எங்கள் நீம்கேடியில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கும் வைத்திருக்கிறார்கள். என் நாத்தனார் சுகன் பாய்க்கு அது இரண்டு வழியிலும் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன், இனிமையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் பெண்களை மரியாதையாகப் ‘பாய்’ என்போம். சுகன் பாய் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். உஜ்ஜயினிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் வேறொருத்தியைக் கொண்டுவந்து அதே வீட்டில் வைத்தான். இவள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை எடுத்து முற்றத்தில் வீசிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். தப்பு செய்தவன் அங்கே சுகமாக இருந்தான், கறை இவள் மேல் ஒட்டியது. கைப்பம்பில் இவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அப்படித் தள்ளி வைத்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் தினம் அடி வாங்குகிறவர்கள். அது வேறு கதை.

எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்தில் ஆகாது. நான் வைத்த பருப்பில் உப்பு இல்லை என்பாள், பாஃப்லா உருண்டை வேகவில்லை என்பாள், நான் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள். அவள் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். என் மாமனார் ரண்சோட்ஜி எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். கடைசியில் ஒரு நாள் என்னையும் என் வீட்டுக்காரரையும் ஓடைக்கரை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுகன் ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

“இந்த நாலு பீகா நெலம் இவளுக்கு. இவ உழுது இவ சாப்பிடட்டும். நான் போன பிறகும் இப்படித்தான்” என்றார்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். காகிதம் எதுவும் எழுதவில்லை. பெற்ற பிள்ளைகளுக்குள் எதற்குக் காகிதம் என்று மாமனார் நினைத்தார். அடுத்த குளிர் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

சுகன் அந்த நாலு பீகாவில் டாலர் கடலைதான் போடுவேன் என்று நின்றாள். கோதுமை போடு, பாடு கம்மி என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. “என் நெலத்துல வெளையறத டாலர்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும் அண்ணி. வேற எதுவும் எனக்கு வேண்டாம்” என்றாள். அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. பேராசை என்று நினைத்தேன்.

முதல் வருஷம் பயிர் பார்க்கவே கண் கொள்ளாது. காய் பிடிக்கிற நேரத்தில், மணி இன்னும் பருக்கட்டும் என்று ஒரு தண்ணீர் விட்டாள். பயிர் மறுபடி பூத்தது. பூவைப் பார்த்துப் பூரித்துப் போனாள். அறுத்து அடித்தபோது பாதி மணி வெள்ளை, பாதி மணி பச்சை. மண்டியில் சேட்டு கையைத் தட்டினார். தாகி.

இரண்டாம் வருஷம் நடந்ததைச் சொல்ல எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அறுப்புக்கு ஜாபுவா மலைகளிலிருந்து பீல் பழங்குடி ஆட்கள் வருவார்கள். ஹோலிக்கு முந்தைய வாரம் அவர்கள் ஊரில் பகோரியா சந்தை. தாரை தப்பட்டை, ஆட்டம், இளசுகள் ஜோடி பார்ப்பது எல்லாம் அங்கேதான். அந்த வாரம் தங்கத்தைக் கொட்டினாலும் ஒரு ஆள் இங்கே இருக்க மாட்டான். அதனால் எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்கள் கடலை காய்ந்ததா என்று பார்த்து அறுப்பதில்லை. பகோரியா எப்போது என்று பார்த்து அறுப்பார்கள். அடிக்காய் காய்ந்திருக்கும், நுனிக்காய் பால் பிடித்திருக்கும், எல்லாவற்றையும் சேர்த்து வழித்துக் களத்தில் அம்பாரமாகப் போட்டுவிட்டு, பண்டிகை முடிந்து ஆட்கள் வந்ததும் அடிப்பார்கள். என் வீட்டுக்காரர் தன் வயலோடு சேர்த்துத் தங்கை வயலையும் அப்படித்தான் அறுத்துவிட்டார், உதவி செய்கிறேன் என்று. அம்பாரம் உள்ளே புழுங்கியது, மேலே ஒரு மழை வேறு. மறுபடியும் தாகி.

அன்று மண்டியிலிருந்து திரும்பி வந்த மனுஷர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, தங்கைக்குக் கேட்கட்டும் என்று என்னிடம் சொன்னார். “இன்னும் ஒரு வருஷம் பார்ப்பேன். மூணாவது தடவையும் தாகின்னா வரப்ப ஒடச்சுடறேன். என் வயலோட சேர்த்து ஒரே உழவு. மண்டியில என் மானம் போகுது.”

அவர் மானம். இரண்டு வருஷமும் அவருடைய கடலையும் தாகிதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆம்பிளை கடலைக்குக் கறை வந்தால் அது வானிலை, பொம்பளை கடலைக்குக் கறை வந்தால் அது அவள் கை. நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக நாத்தனார் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் ரொட்டியை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம் மார்கழிக் குளிரில் விவசாய அலுவலகத்திலிருந்து பர்மார் மேடம் பக்கத்து ஊருக்கு வந்திருந்தார். சுகன் போய்க் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்துவிட்டாள். கொஞ்சம் குண்டான, மூச்சு வாங்குகிற, நல்ல பொறுமைசாலியான பெண்மணி. வயலில் நின்றதும் சுகன் கேட்டாள்.

“நேராச் சொல்லுங்க மேடம். கறை என் மண்ணுல இருக்கா, என் கையில இருக்கா?”

“மண்ணுல ஒண்ணும் இல்லம்மா. எப்பத் தண்ணி விட்டீங்க?”

முதல் வருஷம் காய் பிடிக்கையில் விட்டதைச் சுகன் சொன்னாள். பெருமையாகவே சொன்னாள்.

“அங்கதான் போச்சு” என்றார் மேடம். “காய் புடிச்ச பிறகு தண்ணி விட்டா செடி மறுபடி பூக்கும். அப்ப ஒரே செடியில காஞ்ச காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். எப்ப அறுத்தாலும் பாதி பச்சையாத்தான் வரும்.”

“அப்ப நானே கெடுத்தேன்னு சொல்றீங்க.”

“மொத வருஷம், ஆமா.”

சுகனுக்கு மூக்கு விடைத்தது. முதல் வருஷம் முழுக்க அண்ணன் கொடுத்த விதைதான் சொத்தை என்று ஊர் கூட்டிச் சொன்னவள் அவள். மேடத்தை முறைத்தாள். பிறகு, “சரி, மிச்சத்தையும் திட்டிட்டுப் போங்க” என்றாள். மேடம் சிரித்துவிட்டார்.

மிச்சம் இதுதான். செடி முழுக்கப் பழுத்து, ஆட்டினால் காய்க்குள் மணி கலகலவென்று உருளுகிற வரை அறுக்கக் கூடாது. அறுத்ததை அம்பாரம் போடக் கூடாது, மெல்லிசாகப் பரப்பிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். ஈரம் பட்ட காயில்தான் பழுப்புத் திட்டு ஏறுகிறது. அதற்காக எலும்பாகக் காயும் வரை வயலில் விட்டாலும் ஆபத்து, இயந்திரத்தில் தோல் வெடிக்கும். அடிக்கிற இயந்திரம் மெதுவாக ஓட வேண்டும். தோல் வெடித்த மணி விதைக்கு முளைக்காது, மண்டிக்கும் ஆகாது. வேறு பருப்பு அடித்த இயந்திரமாக இருந்தால் உள்ளே துடைத்துவிட்டுத்தான் நம்முடையதைப் போட வேண்டும்.

“இவ்வளவுதானா?” என்றாள் சுகன். “இதச் சொல்ல ரெண்டு வருஷமா ஒரு ஆள் இல்லையே இந்த ஊர்ல.”

“நீங்க கேக்கலையேம்மா.”

“கேட்டா, பொம்பளைக்கு எதுக்குன்னு சொல்றாங்க மேடம்.”

மேடம் டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் காய் பிடித்த பிறகு சுகன் தன் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஆனால் எங்கள் கோதுமை வயல் அவள் வயலுக்கு மேட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கோதுமைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். வரப்பு கசிந்து அவள் பயிருக்குள் இறங்கும். சுகன் மண்வெட்டியோடு போய் எங்கள் வாய்க்காலையே அடைத்துவிட்டாள். ஊர் நடுவில் சண்டை.

“தண்ணிய மறிக்கறியா? யார் வாய்க்கால்னு நெனச்ச?”

“உன் தண்ணி உன் வயல்ல நிக்கட்டும் அண்ணா. என் வயலுக்கு ஏன் அனுப்பற? நான் என்ன கடன் கேட்டேனா?”

“தண்ணி தானா எறங்குது. அதுக்கு நான் என்ன செய்ய?”

“டீக்கடையில இருந்து எறங்கி வந்து பாரு. அப்ப எறங்காது.”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு கட்டில் இடைவெளியில் படுக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாமல் போகாது.

பகோரியா நெருங்கியது. ஊரே பரபரத்து அறுத்தது. என் வீட்டுக்காரர் தன் கடலையை அறுத்து முடித்து, பீல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேராக ஓடைக்கரைக்குப் போனார். சுகன் வரப்பில் நின்றாள். நான் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

“அரிவாளத் தூக்கிட்டு யாரும் உள்ள எறங்கக் கூடாது” என்றாள் சுகன்.

“பைத்தியமா உனக்கு? நாளைக்கு ஆள் ஒருத்தன் இருக்க மாட்டான். ஹோலி கழிஞ்சு மழை வந்தா எல்லாம் போச்சு” என்றார் இவர். “எறங்குங்க எல்லாரும்.”

ஆட்களுக்குத் தலைவி தாவ்ரி என்ற பெண். வெள்ளித் தண்டை போட்ட கால், வெற்றிலை போட்ட வாய், யாருக்கும் பயப்படாதவள். ஒரு செடியைப் பிடுங்கிக் காதோரம் வைத்து ஆட்டினாள். இன்னொன்றையும் ஆட்டிப் பார்த்தாள்.

“பட்டேல், இது இன்னும் பேசல” என்றாள் இவரிடம்.

“நீ அறுக்க வந்தியா, ஜோசியம் பாக்க வந்தியா?”

“நான் சந்தைக்குப் போக நிக்கறேன். எனக்கு இன்னிக்கு அறுத்தாலும் ஒண்ணுதான், அறுக்காட்டியும் ஒண்ணுதான். ஆனா நெலத்துக்காரி வேணாங்கறா. வேணாங்கற நெலத்துல நான் அரிவாள வைக்க மாட்டேன்.” அவள் தன் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எல்லோரும் வரப்பேறிப் போய்விட்டார்கள். உள்ளூரச் சந்தோஷமாகத்தான் போனார்கள், அரை நாள் முன்னதாகவே கிளம்பலாமே.

இவர் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா உன் நாத்தனார் கொழுப்ப? மழை வரட்டும், அப்பத் தெரியும்.”

ஒரு அண்ணன் தன் தங்கையின் வயலில் மழை பெய்ய வேண்டும் என்று காத்திருந்தான். நான் அவர் பெண்டாட்டி, அவர் சோற்றைத்தான் தின்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஹோலி கழிந்தது. வானத்தில் மேகம் ஏறியது, இறங்கியது. சுகன் தினம் காலையில் போய்ச் செடியை ஆட்டிப் பார்ப்பாள். கடலை இலைப் புளிப்பு பட்டுப் பட்டு அவள் காலெல்லாம் வெடித்திருந்தது. ஒரு காலையில் வந்து, “அண்ணி, பேசுது” என்றாள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இவர் திண்ணையிலிருந்து, “நீ எங்க போற?” என்றார். “அறுப்புக்கு” என்றேன். பிறகு அவர் சத்தம் போட்டது என் முதுகுக்குத்தான் கேட்டது.

நாங்கள் இருவரும் இன்னும் ரெண்டு பெண்களும் பனி ஈரத்தோடு காலையில் அறுத்தோம், இல்லாவிட்டால் காய் உதிரும். களத்தில் விரித்துப் போட்டு நாள் முழுக்கப் புரட்டினோம். மேகம் கறுத்தால் தார்ப்பாயை மூடுவோம், வெளுத்தால் திறப்போம். ஒரு நாள் தூறியே விட்டது. சுகன் தார்ப்பாயின் ஒரு மூலையில் தானே படுத்துக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டாள். நனைந்தது அவள், கடலை நனையவில்லை. அடிக்கிற இயந்திரக்காரனிடம், “மெதுவா ஓட்டு, நீ வேகமா ஓட்டினா நான் உன்ன ஓட்டுவேன்” என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே மெதுவாக ஓட்டினான். அதற்கு முன்னால் இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையை விட்டு அவளே துடைத்திருந்தாள்.

கடலை வந்து விழுந்தது. நான் ஒரு பிடி அள்ளினேன். பால் நிறம். கொழுகொழுவென்று, மூக்கு நறுக்கென்று, ஒரு புள்ளி கிடையாது. சுகன் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டாள். கடித்தால் பல் போய்விடும், அப்படிக் காய்ந்திருந்தது. நாங்கள் இருவரும் சும்மா சிரித்தோம்.

மூட்டை கட்டி வைத்தோம். மண்டிக்குக் கொண்டுபோக டிராக்டர் எங்களுடையதுதான், வேறு வழியில்லை. கேட்டதும் இவர் உடனே சரி என்றார். அந்த ‘சரி’யிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். “மூட்டையா வேண்டாம், டிராலியில கொட்டிடறேன், அங்க எறக்க லேசு” என்றார். நாங்கள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மஞ்சள் அரைக்கப் போய்விட்டு வந்து பார்த்தபோது டிராலி நிறைந்திருந்தது, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. அண்ணன் மனம் மாறிவிட்டான் என்று சுகன் கண் கலங்கினாள். அவளே சூடாக அவல் போஹா செய்து அவருக்குக் கொடுத்தாள். அவர் தின்றார். எப்படி உள்ளே இறங்கியதோ.

மறுநாள் மூவரும் போனோம். சுகனும் நானும் டிராலியில் கடலை மேலேயே உட்கார்ந்துகொண்டோம். நான் வழக்கம்போல் முக்காடு இழுத்துவிட்டிருந்தேன். ஏலம் சொல்கிற கூட்டம் டிராலி டிராலியாக வந்தது. முன்னால் நேமிசந்த் சேட்டு, வெள்ளைத் தொப்பி, வாயில் சோம்பு. தார்ப்பாயை விலக்கி அள்ளினார். பரப்பினார். சாய்த்தார். இன்னொரு பிடி அள்ளினார்.

“டாலர்” என்றார். “யார்றா வெளைவிச்சது இத?”

“நான்தான் சேட்” என்றாள் சுகன். குரல் பாதியாகத்தான் வந்தது. மூன்று வயல் தாண்டிக் கேட்கிற குரல்.

“நல்லா இருக்கு பாய். ரொம்ப நல்லா இருக்கு.” விலை ஏறியது, முடிந்தது. டிராலியைச் சேட்டின் கொட்டகைக்கு ஓட்டினோம். மூட்டை தூக்கும் ஹமால் ஆட்கள் பின்கதவைத் திறந்து தள்ள ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் பாலாக விழுந்தது. பிறகு பச்சையாக விழுந்தது. பிறகு பழுப்பும் சுருக்கமுமாக, புழுங்கின வாடையோடு கொட்டியது.

சேட்டு சோம்பைத் துப்பினார். “நிறுத்துங்கடா. மேல டாலர், கீழ தாகியா? எத்தன நாளா இந்தத் தொழில் பண்ற பாய்? ஆம்பளைங்ககூட இவ்ளோ துணிச்சலா ஏமாத்த மாட்டாங்க. முழுச் சரக்கும் தாகி. எடுத்துட்டுப் போ. இனிமே உன் வண்டி என் வாசலுக்கு வரக் கூடாது.”

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். “அந்தத் திரும்பி வந்தவதானே” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. சுகன் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. புருஷன் தட்டை வீசியவள், வாய்க்காலை அடைத்தவள், குவியல் முன்னால் கையைத் தொங்கப்போட்டு நின்றாள்.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். “மன்னிச்சுடுங்க சேட். பொம்பள கையில விட்டது என் தப்பு. அடுத்த வருஷத்துல இருந்து அந்த நெலத்த நானே பாத்துக்கறேன்.”

அப்போது சேட்டின் உள்ளங்கையில் இருந்த பச்சைக் கடலைகளைப் பார்த்தேன். நடுவில் சின்னச் சின்னதாக உருண்டையாக ஏதோ கிடந்தது. கிட்டே போய் ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்தேன். கொத்தமல்லி. இந்த வருஷம் எங்கள் தெருவில் கொத்தமல்லி போட்டது நாங்கள் மட்டும்தான். அதை அடித்த கையோடு இயந்திரத்தைத் துடைக்காமல் எங்கள் கடலையையும் அடித்தார்கள். அந்த மணம் போகாத கடலையைத்தான் நான் வீட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இவர் போட்ட கணக்கு எனக்குப் புரிந்தது. தன் தாகியும் விலை போகும், தங்கை வரப்பும் உடையும். ஒரே கல்யாண நாளில் இரண்டு வேலை. அதற்கு அவள் கையால் போஹா வேறு.

“சேட்” என்றேன். “இது அவ கடலை இல்ல.”

“நீ யாரு?”

“இதுல கொத்தமல்லி கெடக்குது, பாருங்க. அவ நெலத்துல கொத்தமல்லியே கெடையாது. நாங்க இல்லாதப்ப கீழ கொட்டி, மேல அவளோடத மூடியிருக்கு.”

“யாரு கொட்டினா? பேரச் சொல்லு. சும்மா பழி போடக் கூடாது.”

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாக்காளர் அட்டைக்குக்கூட நான் பெயரைச் சொன்னதில்லை, மாமனாரைச் சொல்லச் சொல்லி எழுத வைத்தேன். இவர் என்னைப் பார்த்தார். சொல்ல மாட்டாள் என்கிற தைரியம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது. அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது.

முக்காட்டைத் தூக்கிப் பின்னால் போட்டேன்.

“மாங்கிலால்” என்றேன். “ரண்சோட்ஜி மகன் மாங்கிலால். இதோ நிக்கறாரே, என் புருஷன். அவர்தான் கொட்டினார்.”

ஹமால் ஒருவன் தோளில் இருந்த மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான்.

“என்ன சொன்ன நீ?” என்றார் அவர்.

“மாங்கிலால்னு சொன்னேன். காது கேக்கலையா? இன்னொரு தடவ சொல்லவா?”

கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சுகன் இடையில் வந்து நின்றாள். அவள் குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

“அடிக்கறதுன்னா என்ன அடி அண்ணா. ஆனா அதுக்கு முன்னாடி உன் கடலைய என் கடலையிலேர்ந்து எடு. எல்லார் முன்னாடியும், உன் கையால எடு.”

அவர் எடுக்கவில்லை. டிராக்டரைக்கூட விட்டுவிட்டு விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போய்விட்டார். சேட்டு கொத்தமல்லியை முகர்ந்து பார்த்தார், குவியலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். “பிரிச்சுக் கொண்டு வந்தா நாளைக்கு மறுபடி ஏலம் விடறேன்” என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. சல்லடை மட்டும் கொடுத்தார்.

நானும் சுகனும் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து சலித்தோம். எங்கள் கடலை சின்னது, சல்லடையில் பாதி இறங்கிவிட்டது. மிச்சத்தைக் கையால் பொறுக்கினோம். நான் அழுதேன் என்று சொன்னால் பொய், கோபத்தில் எனக்கு அழுகை வராது. மறுநாள் ஏலத்தில் அது டாலர் என்று போனது. விற்ற சீட்டில் யார் பெயர் என்று கேட்டார்கள். “சுகன் பாய்” என்று அவளே சொன்னாள். அடுத்த விதைப்புக்கு ஊர்ப் பெண்கள் சிலர் அவளிடம் விதை கேட்டு வந்தார்கள். பொறுக்கி வைத்திருந்ததை ஈரத்துணியில் முளைகட்டிக் காட்டித்தான் கொடுத்தாள். வரப்பு அங்கேயே இருக்கிறது, யாரும் உடைக்க வரவில்லை.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் சுவரிடம் சொல்கிறார். கைப்பம்பில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி வைக்கிறார்கள். புருஷன் பெயரைச் சந்தையில் கூவினவள், தாகி என்று இப்போது என்னைச் சொல்கிறார்கள். சுகன் மட்டும் தன் குடத்தை என் குடத்தோடு ஒட்டி வைத்துவிட்டு, “என் அண்ணன் பேரு மாங்கிலால், யாருக்காவது தெரியணுமா?” என்று மூன்று வயல் தாண்டிக் கேட்கும்படி கேட்பாள். எங்கள் குடங்கள் நிறையும்வரை அவர்கள் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.